பெரிய பிள்ளையான மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். மகளுக்குப் பதினான்கு வயது, தரம் 9 படிக்கிறாள். பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவள். சென்ற வருடம் பெரிய பிள்ளையானாள். சடங்கு முடிந்த நாளிலிருந்து அம்மம்மா அவளை மைதானத்துக்கு விட மறுக்கிறார். துள்ளிக் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும், வெயிலில் கறுத்துப் போவாள், ஊர் வாய் சும்மா இருக்காது என்கிறார். தாய் பிடிவாதமாக நின்று அனுப்பினார். கடந்த மாதம் பயிற்சியின்போது பிள்ளை தலைசுற்றி விழுந்துவிட்டாள். மாதவிடாயின் முதல் இரண்டு நாளும் போக்கு அதிகம். முழங்காலிலும் நோவு. “அம்மா சொன்னதுதான் சரியோ என்று இப்போது எனக்கே பயமாக இருக்கிறது அக்கா, நிறுத்திவிடட்டுமா?” என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, நிறுத்த வேண்டாம். அதே நேரம், அடுத்த பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் மகளுக்கு ஒரு குருதிப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடப்பதுதான் கல்லாற்றிலும் ஏறாவூரிலும் நிந்தவூரிலும் திருக்கோவிலிலும் நடந்துகொண்டிருக்கிறது.

நான் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் உடற்கல்வி ஆசிரியையாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். தரம் 6இல் மைதானம் நிறையப் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். கிளித்தட்டு, எல்லே, வலைப்பந்து, ஓட்டம் என்று இறங்கிவிட்டால் மணி அடித்தாலும் வகுப்புக்குத் திரும்ப மனம் வராது. தரம் 9, 10 ஆகும்போது இல்ல மெய்வல்லுநர் போட்டியின் அஞ்சல் ஓட்டத்துக்கு நான்கு பேரைச் சேர்ப்பதே பெரும் பாடாகிவிடும். நின்றுபோன பிள்ளைகளிடம் தனியாக இருத்திக் கேட்டால், உடம்பு இயலாமல் நின்றேன் என்று சொன்னவர்கள் மிகச் சிலர். கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை, வெள்ளைச் சட்டையில் கறை பட்டுவிடும் என்று பயம், ஓடும்போது மார்பு நோகிறது, பயிற்சி முடியும்போது இருட்டிவிடுகிறது, பசிக்கிறது. இப்படித்தான் சொல்வார்கள். இவை எல்லாம் பெரியவர்களாகிய நாங்கள் சரிசெய்து கொடுத்திருக்க வேண்டியவை. கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டுவிட்டு, பெண்ணின் உடம்பு தாங்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

முதலில் கர்ப்பப்பை விடயத்தை முடித்துவிடுவோம். இந்தப் பயம் உங்கள் அம்மா கண்டுபிடித்ததல்ல. படித்த வெள்ளைக்கார வைத்தியர்களே நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லிவந்தது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்கள் ஒருவர்கூட இல்லை. 1928இல் அம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்துக் களைத்துப்போன சிலரைப் பார்த்து, இது பெண்களுக்கு ஆகாது என்று தூக்கிவிட்டார்கள். அந்த ஓட்டம் 1960இல்தான் திரும்பி வந்தது. மரதன் ஓட்டம் 1984 வரை பெண்களுக்கு இல்லை. பனிச்சறுக்குப் பாய்ச்சலைப் பெண்களுக்குக் கொடுக்க 2014 வரை மறுத்தார்கள். அதிலும் மருத்துவக் காரணம் என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் தடை நீங்கியது, பெண்கள் ஓடினார்கள், பாய்ந்தார்கள், கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

கர்ப்பப்பையை இணைப்பிழைகளும் இடுப்புத் தளத் தசைகளும் தாங்கிப் பிடிக்கின்றன. அது இறங்குவது பெரும்பாலும் பல பிரசவங்களுக்குப் பிறகு, வயது ஏறும்போது, நீண்டகால இருமல், மலச்சிக்கல், அதிக உடற்பருமன் போன்ற காரணங்களால். பதினான்கு வயதுப் பிள்ளை பந்தைப் பிடிக்கத் துள்ளுவதால் இறங்காது. ஜமெய்க்காவின் ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் குழந்தை பெற்றபின் திரும்பி வந்து 2019இல் தோஹாவில் 100 மீட்டர் உலகச் சம்பியன் ஆனார். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துள்ளல் அதிகமுள்ள விளையாட்டுகளில் சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் கொஞ்சம் கசிவதுண்டு. வெட்கத்தில் அதை யாருக்கும் சொல்லாமல் விளையாட்டையே விட்டுவிடுவார்கள். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியால் இது பெரும்பாலும் சரியாகும். மகளிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அம்மா வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு பயமும் இருக்கலாம். சைக்கிள் மிதித்தால், நீளம் பாய்ந்தால் கன்னித்திரை கிழிந்து, நாளைக்குக் கல்யாணத்தில் பிரச்சினை வரும் என்பது. அந்தச் சவ்வின் அமைப்பு பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு விஞ்ஞான அடிப்படை எதுவுமில்லை, அதை நிறுத்த வேண்டும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகமும் பெண்கள் அமைப்பும் கூட்டாக அறிவித்தன. நம் பிள்ளைகள் படுவான்கரையிலிருந்தும் எழுவான்கரையிலிருந்தும் மைல் கணக்கில் சைக்கிள் மிதித்துத்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். அதை எந்த அம்மம்மாவும் தடுத்ததில்லை.

இனி அந்தத் தலைசுற்றல். போக்கு அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் குருதிச்சோகை. பெண்பிள்ளைகளின் ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்குக் கீழே போகாமலே உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றிப்போவதும் உண்டு. அப்போதும் களைப்பும் மூச்சுவாங்கலும் வரும், ஓட்டத்தின் நேரம் கூடும், பயிற்றுநர் சோம்பல் என்று ஏசுவார். ஆகவே ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் என்னும் சேமிப்பளவையும் பார்க்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு நப்கின் ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் நனைந்துவிடுகிறதா, ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, பெரிய கட்டிகளாகப் படுகிறதா, இந்த மூன்றையும் கவனித்துக் குறித்துக்கொண்டு போங்கள். பிள்ளை வயதில் இப்படிப் போவதற்குச் சிலவேளை குருதி உறைதல் குறைபாடும் காரணமாக இருக்கலாம். பெண்களுக்கு அப்படித்தான் என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். நோவும் அப்படித்தான். சாதாரண மாதவிடாய் நோவுக்கு உடற்பயிற்சியே உதவுகிறது. வாரத்தில் மூன்று முறையாவது 45 முதல் 60 நிமிடம் உடம்பை அசைப்பவர்களுக்கு நோவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதா மாதம் பாடசாலைக்கே போக முடியாத அளவு நோவென்றால் அது வைத்தியர் பார்க்க வேண்டிய நோவு. கர்ப்பப்பையின் உட்புறத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்கு அது வருடக்கணக்காகக் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பிள்ளை பெரிய பிள்ளையானபோது அம்மம்மா என்ன கொடுத்தார் என்று நினைத்துப் பாருங்கள். உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. வளர்கிற பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும் என்பது அவருக்கு யாரும் படிப்பிக்காமலே தெரிந்திருக்கிறது. தண்ணீர் வார்த்து முடிந்தபிறகு அந்தக் கவனம் எங்கே போகிறது? அடுத்த மாதமே பிள்ளை காலையில் பிளேன்டீயோடு ஓடுகிறாள். இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பணிஸ். பாடசாலை விட்டதும் வெறும் வயிற்றில் பயிற்சி. வீட்டுக்கு வந்தபின்தான் சோறு, அதுவும் மீனின் நடுத்துண்டு தம்பிக்குப் போனபிறகு. இது நடக்காத வீடு இருக்கலாம், நான் கண்ட பல வீடுகளில் நடந்தது. மாதா மாதம் இரத்தம் இழப்பவள் அவள், தம்பியல்ல. அவளுக்குத்தான் இரும்பு கூட வேண்டும்.

விலை கூடிய சத்துமா எதுவும் வாங்க வேண்டாம். நெத்தலி, கூனி, சூடை மீன், கிடைக்கும்போது ஈரல், முட்டை, கௌபி, பயறு, கடலை, முருங்கை இலை, பொன்னாங்கண்ணி போதும். இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் லேசில் சேராது. தேசிக்காய்ப் புளி விட்டால், கூடவே ஒரு கொய்யாப்பழமோ தோடம்பழமோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது இரும்பைத் தடுத்துவிடும். தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுங்கள். எலும்புக்கு நம்மூர் எருமைத் தயிர் இருக்கிறது. பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி கச்சானும் பைக்குள் வைத்துவிடுங்கள். பாடசாலையில் வாரத்துக்கொரு முறை கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பல பிள்ளைகள் வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னலால் எறிகிறார்கள். சாப்பிட்டபின் விழுங்கினால் புரட்டல் குறையும். மகள் விழுங்குகிறாளா என்று கேளுங்கள். குருதிச்சோகை இருந்தால் அந்த வாராந்த மாத்திரை போதாது, வைத்தியர் தனியாக அளவு சொல்வார்.

தலைசுற்றலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், தண்ணீர். இதை நான் பல வருடம் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். போட்டி நடக்கும் ஒரு மைதானம். ஆண்கள் மதில் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பார்வையாளர் கொட்டகையின் பின்னால் ஒரேயொரு கழிப்பறை. கதவின் கீழ்ப்பலகை உக்கிப்போயிருக்கும், உள்ளே கொண்டி இல்லை, வாளியில் தண்ணீர் அடியில் கிடக்கும், நப்கின் போடுவதற்குக் கூடை இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இரண்டு பேர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறியதிலிருந்து பிள்ளைகள் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்குமான நம்மூர் வெயிலில், தண்ணீர் குடிக்காமல் 400 மீட்டர் ஓடினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? பிறகு சிறுநீர் எரிவு, காய்ச்சல். பெண்பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுகிறார்கள் என்று அறிக்கையில் எழுதுவார்கள். கொண்டி இல்லாத கதவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இருக்காது. ஒரு கொண்டியும் மூடியுள்ள கூடையும் ஒரு பரல் தண்ணீரும் பாடசாலை அபிவிருத்திக் குழுவால் வாங்க முடியாத பொருட்களா?

நப்கின் விலையும் இதில் சேர்த்தி. 2018 வரை இறக்குமதி நப்கினுக்கு நூறு வீதத்துக்கும் மேல் வரி இருந்த நாடு இது. 2024இல் மாணவிகளுக்கு 1,200 ரூபாய் பெறுமதியான பற்றுச்சீட்டு கொடுத்தார்கள், நல்ல வேலை. உடற்கல்வி ஆசிரியரின் அலுமாரியில் எந்நேரமும் ஒரு பெட்டியும், கறை தெரியாத கடும் நிறக் காற்சட்டைகள் சிலவும் இருந்தால் இன்னும் நல்லது. விம்பிள்டனே வெள்ளைக்குள் கடும் நிற உள்காற்சட்டை அணியலாம் என்று 2023இல் இறங்கி வந்துவிட்டது. நம் பாடசாலைகளும் வெள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விடலாம்.

உங்கள் மகளுக்கு இப்போது பொருந்தாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. கடும் பயிற்சி செய்யும் பெண்பிள்ளைகளுக்குச் சிலவேளை மாதவிடாய் நின்றுபோகும். நீண்ட தூர ஓட்டக்காரிகளிடம் இது அதிகம். தொல்லை விட்டது என்று பிள்ளையும் சந்தோசப்படும், நன்றாகப் பயிற்சி செய்கிறாள் என்று பயிற்றுநரும் மகிழ்வார். இது மிக ஆபத்தான மகிழ்ச்சி. செலவழிக்கும் சக்திக்கு ஏற்றபடி சாப்பாடு உள்ளே போகாதபோது உடம்பு இனப்பெருக்க வேலையை நிறுத்திவைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது, சும்மா ஓடும்போதே எலும்பில் கீறல் விழுகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கெனத் தனி அறிக்கை வெளியிட்டு, ஆண்களுக்கும் இது வரும் என்று சேர்த்தே சொன்னது. வாழ்நாள் எலும்புப் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் இழந்ததைப் பிறகு மீட்பது கடினம். பெரிய பிள்ளையாகி முதல் இரண்டு மூன்று வருடம் நாட்கள் முன்பின்னாக வருவது இயல்பு, 21 நாளிலிருந்து 45 நாள் வரை போகலாம். மூன்று மாதம் வராவிட்டாலோ, பதினைந்து வயதாகியும் பெரிய பிள்ளையாகாவிட்டாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். மெலிந்தால்தான் வேகமாக ஓடலாம் என்று பிள்ளையின் நிறையைப் பற்றி எல்லோர் முன்னாலும் கதைக்கும் பயிற்றுநரிடம், அப்படிக் கதைக்க வேண்டாம் என்று பெற்றோர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

முழங்காலுக்கு வருவோம். வலைப்பந்தாட்டத்தின் விதியே முழங்காலைச் சோதிக்கும் விதி. பந்தைப் பிடித்துத் தரையில் கால் வைத்தபின் அந்தக் காலைத் தூக்கித் திரும்ப ஊன்ற முடியாது, மூன்று விநாடிக்குள் பந்தைக் கொடுத்துவிடவும் வேண்டும். வேகமாக ஓடிவந்து, துள்ளி, ஒரே காலில் சடாரென்று நிற்க வேண்டும். அப்போது முழங்கால் உள்பக்கம் மடிந்தால் உள்ளேயுள்ள முன்சிலுவை இணைப்பிழை அறுந்துவிடலாம். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த இழை அறுவது இரண்டு முதல் எட்டு மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பின் அமைப்பு, ஹோர்மோன் என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறு. ஆண்பிள்ளை ஐந்து வயதிலிருந்து மரத்திலிருந்து குதித்து, மதிலேறி விழுந்து, தரையில் இறங்கப் பழகிவிடுகிறான். பெண்பிள்ளையை அடக்கமாக இருத்தி வளர்த்துவிட்டு, பதின்மூன்று வயதில் திடீரென்று சிமெந்துத் தரையில் துள்ளவிடுகிறோம். அவளுக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை யாரும் கொடுத்ததில்லை. விளையாட்டு மருத்துவ ஆய்வுகளிலும் அவள் பின்வரிசையில்தான் இருக்கிறாள். 2011 முதல் 2013 வரை மூன்று முன்னணிச் சஞ்சிகைகளில் வந்த ஆய்வுகளை எண்ணிப் பார்த்தபோது, பங்குபற்றியவர்களில் பெண்கள் 39 வீதம் மட்டுமே.

தரையிறங்கும் முறையைப் பழக்கினால் இந்தக் காயத்தில் பெரும்பங்கைத் தவிர்க்கலாம். உதைபந்தாட்டத்துக்காக ஃபிஃபா உருவாக்கிய இருபது நிமிடப் பயிற்சி முறை இருக்கிறது. அவுஸ்திரேலிய வலைப்பந்தாட்டச் சங்கமும் முழங்காலுக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. சாரம் ஒன்றுதான். மகளை முற்றத்தில் ஒரு தாழ்ந்த படியிலிருந்து இரண்டு காலிலும் குதிக்கச் சொல்லி நீங்கள் முன்னால் நின்று பாருங்கள். முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று தேடி உள்ளே சாய்கின்றனவா, கால்விரல்களுக்கு நேரே நிற்கின்றனவா? சத்தம் வராமல், முழங்காலும் இடுப்பும் மடிந்து, மெல்லென இறங்க வேண்டும். அது பழகியபின் ஒற்றைக் காலில். இதோடு குந்தி எழுதல், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பிடித்தல், முழந்தாளிட்டுக் கொண்டு உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்தல். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தவறாமல் செய்ய வேண்டும். இப்போது நோவு இருப்பதால் வைத்தியர் காலைப் பார்த்தபிறகே துள்ளல் பயிற்சி. முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது நழுவுவதுபோல இருந்தாலோ எண்ணெய் பூசிக் கட்டிவைத்துக் காத்திருக்காதீர்கள்.

உடுப்பைப் பற்றி ஊரே கதைக்கும், பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. இங்கே காற்சட்டை கட்டையாக இருக்கிறது என்று ஏசுகிறார்கள். 2021இல் நோர்வேயின் கடற்கரைக் கைப்பந்தாட்டப் பெண்கள் பிகினி அணியாமல் காற்சட்டை அணிந்ததற்காக 1,500 யூரோ தண்டம் விதித்தார்கள். மூடு என்பவர்களும் திற என்பவர்களும் பெண்ணைக் கேட்காமல் முடிவெடுப்பதில் ஒன்றுபடுகிறார்கள். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் நல்ல கால்வேகமுள்ள முஸ்லிம் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பர்தாவோடு விளையாட விதி இடம் கொடுக்குமா என்று வாப்பாமார் கேட்பார்கள். ஃபிஃபா 2014இலும் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் தலை மறைப்பை அனுமதித்துவிட்டன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் தலையை மறைத்தபடியே வாள்சண்டை அணிப் போட்டியில் வெண்கலம் வென்றார். முழுக்கை, முழுக்கால்சட்டை, தலைமறைப்பு எல்லாம் வியர்வை ஆவியாகும் மெல்லிய துணியில் இருந்தால் போதும். தடிப்பான துணிக்கு மேல் இன்னொரு துணி போட்டு மத்தியான வெயிலில் ஓடவிடுவதுதான் ஆபத்து. மதிலுள்ள மைதானத்தில், பெண் ஆசிரியைகளோடு, தாய்மார் மட்டும் பார்க்க, காலை நேரத்தில் போட்டி வைத்தால் வரும் பிள்ளைகளின் தொகை எப்படிக் கூடுகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வெளியே தெரியாத உடுப்பைப் பற்றி தாய்மார்கூடக் கதைப்பதில்லை. இங்கிலாந்தில் 11 முதல் 18 வயதுவரையான 2,000க்கும் மேற்பட்ட மாணவிகளிடம் கேட்டு 2016இல் வெளியான ஆய்வில் 46 வீதமானோர் மார்பு சார்ந்த அசௌகரியம் தங்கள் விளையாட்டைப் பாதிக்கிறது என்றார்கள். நம்மூரில் கேட்டால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள், கையைக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் விளங்கிவிடும். விளையாட்டுக்கென்று இறுக்கமாகத் தைத்த உள்ளாடை ஒன்று, அளவு பார்த்து வாங்குங்கள். சப்பாத்து வாங்குவதற்கு முன் இதை வாங்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பயிற்றுநர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், பெரும்பாலானோர் நல்லவர்கள். இருந்தும் 2015இல் நம் தேசிய பெண்கள் கிரிக்கெட் அணியிலேயே முகாமைத்துவத்தில் இருந்தவர்கள் வீராங்கனைகளைப் பாலியல்ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்று விளையாட்டு அமைச்சின் விசாரணை கண்டறிந்தது. தேசிய அணிக்கே அந்த நிலை என்றால் வலய மட்ட அணியைப் பற்றி யோசியுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஆசிரியை ஒருவரோ தாய் ஒருவரோ கட்டாயம் கூடப் போக வேண்டும். தசைப்பிடிப்புக்குத் தடவுவது பெண் ஒருவரின் முன்னிலையில், பிள்ளையிடம் கேட்டபிறகு. இரவில் தனிப்பட்ட செய்தி அனுப்பும் பயிற்றுநரை உடனே தடுத்து நிறுத்த வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். அவள் ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். “நீ ஏன் போனாய்” என்று கேட்டுவிட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டாள்.

ஊர் வாய் என்கிறார் உங்கள் அம்மா. அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் சாட்சி. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். பாலினப் பரிசோதனை என்று பதக்கத்தைப் பறித்து, அவருடைய உடம்பை உலகத்தின் வாயில் போட்டார்கள். அவர் பிறகு பயிற்சியாளராக நின்று ஏழைப் பிள்ளைகளை ஓடவைத்தார். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். பெண்ணுக்கு இவ்வளவு உயரமா என்று கேட்ட அதே உயரம்தான் 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கைக்குக் கொண்டுவர உதவியது. தூரம் போகாமல் அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள். அறுகம்பேயில் உலகத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வந்து அலைச்சறுக்கினார்கள், உள்ளூர்ப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். கறுத்துப் போவாய், அது பெண்ணின் வேலையல்ல என்றார்கள். 2018இல் அந்தப் பெண்களே தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அது. அதில் பிள்ளை பெற்ற தாய்மார் இருக்கிறார்கள்.

அம்மம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர் உங்களை வளர்த்த காலத்தை நினையுங்கள். சுற்றிவளைப்பு, கடத்தல், பிள்ளைபிடி, இருட்டியபின் திரும்பி வராத பிள்ளைகள். பெண்பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் அவளை உயிரோடு வைத்திருக்கும் வழியாக இருந்தது. அந்தப் பயம் 2009இல் போர் முடிந்ததோடு நின்றுவிடவில்லை. அவருடைய தடையில் பாதி அன்பு. நம் பக்கத்தில் வீடுவளவு பெண்வழியில் போகிறது. வீட்டுக்கு மூத்த பெண் ஒரு சொல் சொன்னால் மாமன்மாரும் அடங்குவார்கள். அவரை உங்கள் பக்கம் எடுத்துவிட்டால் ஊர் வாயை அவரே பார்த்துக்கொள்வார். வைத்தியரிடம் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். கர்ப்பப்பைக் கேள்வியை அவர் வாயாலேயே வைத்தியரிடம் கேட்கவிடுங்கள். பிறகு ஒரு நாள் பயிற்சி பார்க்கக் கூப்பிடுங்கள், உழுத்தங்களியைத் திரும்பத் தொடங்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம். அல்லது உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொன்னால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழிகாட்டுவார். மயங்கி விழுந்ததை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிகுறி இல்லாமல் நினைவு தப்பியிருந்தால், அல்லது குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், இதயத்தையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குருதிச்சோகை என்றால் மாத்திரை தொடங்கி, ஹீமோகுளோபின் ஏறியபின்னும் சேமிப்பு நிரம்புவதற்காகச் சில மாதம் விழுங்க வேண்டிவரும், இடையில் விட்டுவிடாதீர்கள். அதுவரை மகள் அணியிலிருந்து விலக வேண்டியதில்லை. மைதானத்துக்குப் போகட்டும், பந்து பிடிக்கட்டும், எறிதல் பழகட்டும், வேக ஓட்டத்தை மட்டும் வைத்தியர் சரி என்னும்வரை தள்ளிவைக்கட்டும். பொறுப்பாசிரியரைச் சந்தித்து நான்கு விடயம் கேளுங்கள்: பயிற்சி ஐந்தரைக்குள் முடியுமா, கழிப்பறைக்குக் கொண்டியும் கூடையும் வருமா, தரையிறங்கும் பயிற்சியைத் தொடக்கத்தில் சேர்ப்பார்களா, வெளியூருக்கு யார் கூடப் போவது. தனியாகக் கேட்டால் உங்கள் குரல் சிறிதாகிவிடும், அணியிலுள்ள மற்றத் தாய்மார் இரண்டு மூன்று பேரையும் கூட்டிப் போங்கள். குருதிப் பரிசோதனை அறிக்கை கிடைத்ததும் ஹீமோகுளோபின் அளவையும், முழங்காலைப் பற்றி வைத்தியர் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள். அதற்கேற்ப முதல் ஆறு வாரத்துக்கான பயிற்சியை நாள் நாளாகப் பிரித்து எழுதி அனுப்புகிறேன்.